திங்கட்கிழமைப் புண்

நான் பட்டறையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பத்தோரு வருடம் செயற்கைக் கால் செய்தவள் ஆயிற்றே, பெரிய பெரிய விஷயமாக எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நான் ஒழுங்காகச் செய்த கால்களைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் நான் ஏழு மாதமாகச் சொதப்பிய ஒரு காரியத்தை எழுதுகிறேன். அளவெடுப்பது, பிளாஸ்டர் ஊற்றுவது இதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதை விடுங்கள்.

கோமளா எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தபோது லாரி இடித்து, இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. முட்டியைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தார்கள், அது பெரிய புண்ணியம். சாதாரண ரப்பர் பாதம் வைத்து ஒரு கால் செய்து கொடுத்தேன். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து வந்து, "அக்கா, நான் ஓடணும்," என்றாள்.

"பஸ்ஸுக்கா?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அவள் சிரிக்கவில்லை. "வேலையில உக்காரு உக்காருங்கிறாங்க. வீட்டுல உக்காருங்கிறாங்க. கல்யாண வீட்டுக்குப் போனா நாற்காலியத் தூக்கிட்டு என் பின்னாலேயே வர்றாங்க. யாரும் என்னை உக்காரச் சொல்லாத ஒரு இடம் வேணும் எனக்கு," என்றாள். அன்றைக்கே அளவெடுத்தேன்.

ஓட்டக்காரர்களுக்கு நாம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று உங்களில் சிலர் கேட்பதாகக் கேள்விப்பட்டேன். நூறு பேர் நடப்பதற்கே கால் இல்லாமல் காத்திருக்கும்போது ஒருத்தி ஓடுவதற்கு எதற்கு இத்தனை மணி நேரம் என்று. நியாயமான கேள்விதான். என் பதில் இது: சாதாரண ஆள் மூன்று வருடத்தில் கண்டுபிடிக்கிற கோளாறை, ஓட்டக்காரர் மூன்று மாதத்தில் நம் முகத்தில் கொண்டுவந்து போட்டுவிடுவார். வியர்வை விஷயம் அப்படித்தான் தெரிந்தது. மீதிக்காலின் மேல் மாட்டுகிற சிலிக்கான் உறை குளிர் நாட்டில் செய்தது. பினாங்கு வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓடினால் அதற்குள் தண்ணீர் கட்டி, கால் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். கோமளாவிடம் அதைப் பார்த்த பிறகுதான், மத்தியானம் மூன்று மணிக்குக் கால் லொடலொடவென்று ஆடுகிறது என்று, நான் கால் செய்து கொடுத்த ரொட்டிச்சானாய் கடைக்காரர் ஒருவர் வருடக்கணக்காகச் சொன்னது எனக்கு உறைத்தது. அவரும் வெயிலிலும் அடுப்பிலும் நின்றவர்தான். அவர் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, கோமளாவுக்கு வருகிறேன். அவளுக்கு இரண்டு கால் செய்தேன். ஓடுவதற்கு வளைந்த கார்பன் பிளேடு வைத்தது ஒன்று. அன்றாடத்துக்கு இன்னொன்று. அந்த அன்றாடக் காலிலும் பழைய ரப்பர் பாதத்தை எடுத்துவிட்டு, நல்ல விறைப்பான கார்பன் பாதம் போட்டேன். ஓடுகிற பெண், நடக்கும்போதும் நல்ல கால் இருக்கட்டுமே என்கிற ஆசை. அவளுடைய வேலைச் சப்பாத்தை மாட்டி நிற்க வைத்து, நடக்க வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் சரி பார்த்துத்தான் அனுப்பினேன். அந்தக் காலைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் தண்ணீர்மலைப் பக்கம் ஏற்றத்தில் ஓடிப் பழகினாள். பினாங்குப் பாலத்தில் ஏறி இறங்குகிற நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை நீண்ட ஓட்டம். மற்ற நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

அப்புறம் புண் வர ஆரம்பித்தது. முட்டிச் சில்லுக்குக் கீழே, முன்பக்கம், ஐம்பது காசு அளவு. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் என்னிடம் வந்து காட்டுவாள். வாரக் கடைசிக்குள் ஆறிவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி அதே இடத்தில் தோல் உரிந்திருக்கும். முட்டியின் பின்பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது என்பாள்.

ஞாயிறு ஓடுகிறாள், திங்கள் புண். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா? பிளேடுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிளேடு முன்பாதத்தில்தான் தள்ளும், முன்பாதத்தில் தள்ளினால், மீதிக்கால் உட்காருகிற கூடு இருக்கிறதே, அந்தச் சாக்கெட் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். பாடப்புத்தகமும் என் பக்கம் இருந்தது. ஏழு மாதம் அந்தப் பிளேடைப் போட்டு வதைத்தேன். சாய்வை மாற்றினேன், உயரத்தைக் குறைத்தேன், சாக்கெட்டை இரண்டு முறை புதிதாகச் செய்தேன். புண் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் சீழ் வைத்துவிட்டது. இதே போல் இன்னொரு தடவை ஆனால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான், முட்டிக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். என் கருத்தைக் கேட்டார். பாலத்து ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. நான் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கருவியில் செய்ய வேண்டிய எல்லா மாற்றமும் செய்தாகிவிட்டது, ஓட்டத்தை நிறுத்துவதே நல்லது என்று. எழுதியபோது எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடிதம் போன பிறகு மனசு கேட்கவில்லை. டாக்டர் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே நேரில் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். டத்தோ கிராமாட்டில் ஒரு ஃப்ளாட், ஏழாவது மாடி. அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா கதவைத் திறந்தார். எங்கள் பட்டறையில் வேலை செய்கிற எல்லாப் பெண்களும் அவருக்கு மிஸ்ஸிதான்.

"வாங்க மிஸ்ஸி, உள்ள வாங்க. கோமளா சமைக்கிறா, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வாசலில் குனிந்து என் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் சப்பாத்து அடுக்கும் தட்டு. அதில் கோமளாவின் வேலைச் சப்பாத்து இருந்தது. நான் மாட்டிச் சரி பார்த்த அதே சப்பாத்து. வலது ஒன்று, இடது ஒன்று.

இரண்டையும் பார்த்தபடியே குனிந்து நின்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மிஸ்ஸி, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?" என்றார்.

இடதுகால் சப்பாத்து இங்கே இருந்தால், சமையலறையில் நிற்கிற காலின் குதிகாலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும், படித்த பிள்ளைகள். புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் சொந்தப் பாதம் செருப்பு போட்டாலும் போடாவிட்டாலும் தன்னைச் சரி செய்துகொள்ளும். விறைப்பான கார்பன் பாதத்துக்கு அது தெரியாது. குதிகால் இத்தனை உயரத்தில் இருக்கும் என்று நாம் வைத்துக் கொடுத்ததுதான் அதற்குக் கணக்கு. சப்பாத்தைக் கழற்றினால் குதிகால் கீழே இறங்கி, கால் முழுக்கப் பின்னால் சாய்ந்து, முட்டியைப் பின்பக்கமாகத் தள்ளும். எந்நேரமும் மேட்டில் ஏறுவது மாதிரி முன்பாதத்தில்தான் பாரம். சாக்கெட் அழுத்துவது முட்டிச் சில்லுக்குக் கீழே, பிளேடு அழுத்துகிற அதே இடம்.

சமையலறைக்குப் போனேன். கோமளா வெறுங்காலோடு அடுப்படியில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். இடது முட்டி பின்னால் வளைந்திருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

"எத்தனை மணியில இருந்து நிக்கிற?"

"காலையில இருந்துதான் அக்கா. மத்த ஞாயிறுல ஓடிட்டு வந்து நிப்பேன். துணி துவைச்சு, வீடு கழுவி, சமையல். ஒரு நாள்தானே லீவு."

"மத்த நாள்ல?"

"மத்த நாள் வந்த உடனே காலக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துருவேன் லா. எங்க நிக்கிறது."

ஆறு நாள் சப்பாத்தோடு, ஒரு நாள் வெறுங்காலோடு. அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை.

அவள் குதிகாலுக்கு அடியில் வைக்க ஏதாவது வேண்டும் என்றேன். அம்மா அவசரமாகச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினார். பிறகு அதில் முருகன் படம் இருப்பதைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி மாட்டினார். சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் ஒரு கட்டு கிடந்தது. அதை மடித்து மடித்து ஒரு விரல் தடிமனுக்குக் கொண்டுவந்து குதிகாலுக்குக் கீழே சொருகினேன். முட்டி நேராக நின்றது. கோமளா பொரித்த மீனைத் திருப்பிப் போட்டாள். 

"இழுக்கல அக்கா," என்றாள்.

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, அவமானமா என்று கேட்டால், இரண்டும் சம அளவுதான். நான் பிறந்ததிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள். என் வீட்டில் யாராவது செருப்போடு உள்ளே வந்தால் கத்துவேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியை வெறுங்காலில் ஏறிவிட்டு வந்து கால் கடிக்கிறது என்று வருடா வருடம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இத்தனை படி ஏறினால் கடிக்காதா என்று திட்டி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு மட்டும் முட்டி வலிக்கிறது என்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் பாய் சொல்லியிருக்கிறார். வயசாகிவிட்டது பாய் என்றேன். ஊரே வெறுங்காலில் நிற்கிறது. எங்கள் பட்டறையில் மட்டும்தான் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள், தரையெல்லாம் பிளாஸ்டர் தூள். வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கிறவர்கள் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்தத் தூளில் நின்றுகொண்டே எல்லாருக்கும் அளவு பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் போட ஒரு செருப்பு வாங்கிக்கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மா ஒரே பேச்சாக முடியாது என்றார். சாமி இருக்கிற வீடு. நானும் வாதாடவில்லை, என் வீட்டிலும் அதே சட்டம்தான். மறுநாள் பட்டறையில், உள்ளங்காலுக்கு வைக்கிற கெட்டிப் பஞ்சில் குதிகால் அளவுக்கு ஒரு ஆப்பு வெட்டி, ஒட்டுப் பட்டை வைத்துக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளிய போகுமா?"

"போகாதும்மா. வீட்டுக்குள்ள மட்டும்தான்."

"அப்ப அது செருப்பு இல்ல. போட்டுக்கட்டும்," என்றார். நான் பயந்ததற்கு இது சீக்கிரமே முடிந்தது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். டாக்டரிடம் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தவறு என்னுடையது, புண் ஓட்டத்தினால் வந்ததில்லை என்று நினைக்கிறேன் என்றேன்.

"நினைக்கிறீங்களா, தெரியுமா?" என்றார்.

தெரியாது. அதுதான் உண்மை. பத்திரமான வழி ஒன்று இருந்தது. ஓட்டத்தையும் நிறுத்து, ஆப்பும் போடு. புண் நிச்சயம் ஆறும். ஆனால் எதனால் ஆறியது என்று யாருக்கும் தெரியாது, ஓட்டத்தை நிறுத்தியதால் ஆறியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நான் உட்பட. அப்புறம் அவள் ஆயுளுக்கும் ஓட முடியாது. ஓட்டத்தைத் தொடர்ந்து, வீட்டுக் காலை மட்டும் மாற்றினால்தான் பதில் கிடைக்கும். ஆனால் நான் நினைத்தது தப்பென்றால் புண் உள்ளே இறங்கும், முட்டி போகும். பந்தயம் வைப்பது என் காலை அல்ல, அவள் காலை.

சீழ் வற்றித் தோல் மூடும் வரைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று டாக்டர் எம்சி எழுதி ஒரு வாரம் லீவு கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்று கேட்டேன். பாதித் தூரம் ஓடட்டும், ஆப்பு போட்டுக்கொள்ளட்டும், திங்கட்கிழமை காலை நீங்களும் பாருங்கள், சிவப்பு தங்கி நின்றால் நானே அந்தக் கடிதத்தை மறுபடி எழுதுகிறேன் என்றேன். கோமளாவை உட்கார வைத்து, என்ன ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். "சரி அக்கா," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

முதல் திங்கட்கிழமை தோல் லேசாகச் சிவந்திருந்தது, உரியவில்லை. இரண்டாவது திங்கட்கிழமை சுத்தம். டாக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், ஓட்டத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுத்தார்.

ஓட்டத்தன்று நான் கருவிப் பையோடு முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் நின்றேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கோமளா வருவது தூரத்திலேயே தெரிந்தது, ஒரு பக்கம் இறங்கி இறங்கி ஓடினாள். வந்து தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளேடைக் கழற்றினாள். உறையை உருட்டினால் வியர்வை கொட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்குக் கீழே, அதே இடத்தில், சிவப்பு.

 ஏழு மாதம் நான் சொன்னதுதான் சரியோ?

கோமளா என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். டாக்டர் சனிக்கிழமையே போன் பண்ணிட்டாரு. அதான் மீனு வாங்கிச் சமைச்சேன், சாப்பிட்டா சொல்ல மனசு வராதுன்னு," என்றாள். மூச்சு வாங்கியது. "இப்ப நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுறேன். நீங்க சொல்லுங்க."

இப்படி ஒரு பாரத்தை யாரும் என் தலையில் வைத்ததில்லை. சுற்றி நின்றவர்கள் போதும் லா, இவ்வளவு தூரம் ஓடியதே பெரிசு என்றார்கள். நிறுத்து என்று சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம் வேலையில் இந்த இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். நம்மைக் காப்பாற்றிக்கொள்வதும் அவர்களைக் காப்பாற்றுவதும் ஒன்று போலவே தெரியும்.

வாயை மூடிக்கொண்டு கையை வைத்தேன். சிவந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்தது, உடனே மறுபடி சிவந்தது. இன்னொரு தடவை. அதேதான். ரத்தம் ஓடுகிறது, தோல் சாகவில்லை. பிறகு சாக்கெட்டை மாட்டிப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. நான்கு மணி நேர ஓட்டத்தில் மீதிக்கால் இளைத்து, சாக்கெட்டுக்குள் கீழே இறங்கியிருக்கிறது. இது புதிய பிரச்சினை, பழைய புண் இல்லை. ஒரு மெல்லிய காலுறையை மேலே மாட்டி, இறுக்கி, நிற்க வைத்தேன்.

"போ," என்றேன்.

போய்விட்டாள்.  முடிகிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சரியாக நினைவில்லை. அம்மா அங்கே குடையோடு நின்றார். நேரக் கெடு முடிய ஒன்பது நிமிடம் இருந்தபோது கோமளா வந்து சேர்ந்தாள். அம்மா குடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. காலைக் காட்டு என்றேன். "பசிக்குது அக்கா, நாளைக்குப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

அடுத்த சில மாதங்களில் பட்டறையின் ஒரு மூலையைக் கழுவித் தேய்த்து, ஓடு பதித்தோம். இப்போது நீங்கள் யாருக்குக் கால் கொடுத்தாலும் அங்கே செருப்பைக் கழற்றி நடக்க வைத்துப் பார்க்கிறீர்களே, அது அப்படி வந்ததுதான். பாய்க்கும் ஒரு ஆப்பு வெட்டிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் ஓட்டத்துக்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட முடியாது. காலை ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்து வைத்தேன். விளக்கைச் சரி செய்து, நாற்காலியைத் துடைத்து, மருந்துத் துணி எடுத்து வைத்தேன். அவள் வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை. மத்தியானம் வரவில்லை. புண் பெரிதாகி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாளோ என்று ஒரு வேலையும் ஓடவில்லை, எடுத்ததையெல்லாம் கீழே போட்டேன். நாலு மணிக்குப் பொறுக்க முடியாமல் போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"ஏன்டி வரல?" என்று கத்திவிட்டேன்.

"வேலையில இருக்கேன் அக்கா," என்றாள். "காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு வரணும்?"